மேனேஜருக்கு ஒரு ஹீட்டர்

என் மாமியாரை அவர் வேலை பார்க்கும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் எல்லோரும் செக்கிங் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். தைத்து முடித்த சட்டைகள் பெட்டிக்குள் போவதற்கு முன் அவருடைய மேஜையைத் தாண்டிப் போயாக வேண்டும். சட்டையின் வெளிப்பக்கத்தை அவர் பார்க்கவே மாட்டார். கையில் எடுத்ததும் உள்ளே வெளியே திருப்பிப் போட்டுத் தையலைத்தான் பார்ப்பார். காலரில் நாற்பது என்று லேபிள் இருந்தால் அவருக்கு அது நாற்பது இல்லை. கழுத்தில் தொங்குகிற டேப்பை எடுத்து அளந்து பார்த்த பிறகுதான் நாற்பது. குறை இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார். கல்யாணமாகி வந்த புதிதில், நான் துவைத்து மடித்து வைத்த தலையணை உறையில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. இந்த அம்மாவோடு நமக்கு ஒத்துவராது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

வீட்டிலும் அவருக்கு அதே கண்தான். காய்கறிக் கடைத் தராசு, டாக்டர் எழுதித் தரும் மாத்திரை, வானிலை அறிக்கை, பக்கத்து வீட்டு அம்மாவின் சிரிப்பு, எதையும் திருப்பிப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ள மாட்டார். யாராவது ஒன்றை ரொம்பப் புகழ்ந்தால் புருவம் தானாக மேலே ஏறிவிடும். என் வீட்டுக்காரர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். வாரக்கணக்கில் வீட்டுப் பக்கமே வரமாட்டார். தன் அம்மாவின் சந்தேகங்கள் மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிட்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிற புண்ணியவான் அவர்.

மாமா, அதாவது என் மாமனார், பள்ளி பஸ் ஓட்டியவர். போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை, "நல்லாருக்கு." பசித்தாலும் நல்லாருக்கு, கால் குடைந்தாலும் நல்லாருக்கு, படுக்கை நனைந்துபோனாலும் அதே நல்லாருக்குதான். அவர் சொல்ல நினைப்பது வேறு, வாயில் வருவது இது என்று டாக்டர் விளக்கியிருந்தார். அத்தை அந்த வார்த்தையைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அவர் முகத்தைப் பார்த்தே தேவையைத் தெரிந்துகொள்வார். அந்த விஷயத்தில் அவருடைய கண்ணை நான் குறை சொல்லமாட்டேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள் பிசியோதெரபிஸ்ட் வருவார். காலில் கொஞ்சம் பலம் திரும்பியிருக்கிறது, ஆனால் மாமா தானாக எழுந்து நடக்க முயற்சி செய்யவேண்டும், இந்தக் குளிர்காலத்துக்குள் அது நடக்காவிட்டால் கால் அப்படியே இறுகிப்போகும், அப்புறம் காலம் முழுக்கப் படுக்கைதான் என்றார். மாமாவோ மனசொடிந்துபோயிருந்தார். தூக்கி நிறுத்தினால் அரிசி மூட்டை மாதிரி நிற்பார், கையை எடுத்தால் சரிவார். தானாக எழுந்திருக்கிற எண்ணமே அவருக்கு இல்லை.

அவர் கண் போகிற இடம் ஒன்றே ஒன்றுதான், ஹாலின் எதிர்ச்சுவர் ஓரம் இருக்கும் மீன்தொட்டி. அதில் ஒரே மீன், ஆஸ்கர் வகை, என் உள்ளங்கையைவிடப் பெரியது. கட்டைவிரல் அளவில் வாங்கி மாமாவே வளர்த்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்று எல்லோரையும் முறைத்துப் பார்க்கும், வேறு ஒரு வேலையும் செய்யாது. அதனால் மாமா அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தார். மாலையில் நாற்காலியைத் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினால், இடது கையால் ஒவ்வொரு தீனியாகப் போடுவார். அந்த ஒரு நேரம்தான் முகத்தில் உயிர் இருக்கும்.

குளிர் தொடங்கிய சமயத்தில் தொட்டியின் பழைய ஹீட்டர் வெடித்து விரிசல் விட்டது. அந்த மீனுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும், குளிர்ந்தால் சுருண்டுவிடும். மேனேஜர் போனால் மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார் என்று எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும்.

முதலில் இரண்டு தெரு தள்ளியிருக்கும் மீன்தொட்டிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு ஹீட்டரை எடுத்து வைத்து, கூடவே ஒரு தெர்மாமீட்டரையும் வைத்தார். ஹீட்டரில் என்ன எண் காட்டினாலும் தண்ணீரைத் தனியாக ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது என்றார். அத்தையின் புருவம் ஏறியது. அந்த ஆள் ஒன்றும் உத்தமர் இல்லை, ஒருமுறை காலாவதியான தீனியை எங்கள் தலையில் கட்டியவர்தான். ஒன்று வாங்க வந்தவளிடம் இரண்டு விற்கப் பார்க்கிறான் என்று வெளியே வந்ததும் அத்தை பொரிந்தார். இணையத்தில் வாங்கிக்கொள்ளலாம், அங்கே வாங்கினவர்களே எழுதி வைத்திருப்பார்கள், அவர்களுக்கு இதில் என்ன லாபம் என்றார்.

அதன்பிறகு எங்கள் சாப்பாட்டு மேஜை செக்கிங் மேஜையாக மாறியது. அத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனில் ஹீட்டர் ஹீட்டராகத் திறந்து, வாடிக்கையாளர்கள் எழுதியதை ஒன்று விடாமல் படித்தார். ஹீட்டர் வருகிற வரைக்கும் நான் கெட்டிலில் வெந்நீர் வைத்துத் தொட்டியில் கலந்துகொண்டிருந்தேன். தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தியிருந்தோம். மேனேஜர் உள்ளிருந்து எங்களை முறைத்துக்கொண்டிருந்தது.

அத்தை படித்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். ஐந்து நட்சத்திரம் போட்டு ஆஹா ஓஹோ என்று எழுதியவர்களை முதலில் கழித்தார், அவர்கள் எல்லோரும் கூலிக்கு எழுதுகிறவர்களாம். ஒரே தேதியில் வந்தவை ஒரே ஆள் எழுதியவை. அட்டைப்பெட்டி நசுங்கியிருந்ததற்காக ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் அற்பர்கள். ஒருவர் மட்டும் எழுத்துப் பிழையும் கோபமுமாக, இந்தப் பாழாய்ப்போன சாமான் என் மீன்களை வேகவைத்துவிட்டது, யாரும் வாங்காதீர்கள் என்று எழுதியிருந்தார். அத்தை அதை இரண்டுமுறை படித்தார்.

"இது போட்டிக் கம்பெனிக்காரன் வேலை. நெஜமா நஷ்டப்பட்டவன் இப்படிக் கத்தமாட்டான்" என்று சொல்லிவிட்டு அதையும் கழித்துவிட்டார்.

கடைசியில் தேறியவர்கள் சிலர், மூன்று நட்சத்திரக்காரர்கள். குறையும் நிறையுமாக, பொறுமையாக, பத்தி பிரித்து எழுதியவர்கள். வயர் நீளம் போதவில்லை, ரப்பர் உறிஞ்சான் கண்ணாடியில் சரியாக ஒட்டவில்லை, ஆனால் சூடு துல்லியம், எண் அப்படியே அசையாமல் நிற்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவரும் அதையே சொல்லியிருந்தார். குறை சொல்லத் தெரிந்தவன்தான் உண்மை பேசுவான் என்பது அத்தையின் கொள்கை. தன் ஜாதி ஆட்களைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. அவர்கள் சொன்ன ஹீட்டரையே வாங்கினோம்.

வந்த சாமான் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கறுப்புக் குழல், அதன் மேலே சின்னத் திரை. இருபத்தாறு டிகிரி என்று வைத்தோம், சிறிது நேரத்தில் திரையில் பச்சையாக இருபத்தாறு வந்து நின்றது. நின்றது நின்றதுதான், அசையவே இல்லை. அத்தை வயரை அளந்தார், அது நிஜமாகவே குட்டையாக இருந்தது. உறிஞ்சானும் ஒட்டவில்லை. அவருக்குப் பரம சந்தோஷம்.

"பாத்தியா, எழுதினவன் பொய் சொல்லல."

அன்று மாலை மாமாவைத் தொட்டிப் பக்கம் உட்கார வைத்தபோது, அவர் இடது கையைத் தண்ணீரில் விட்டார், சட்டென்று வெளியே எடுத்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றார். மற்ற எந்த விஷயமாக இருந்தாலும் அத்தை அந்த நெற்றியைத்தான் பார்த்திருப்பார். அன்றைக்குப் பச்சை எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்சார சாமான் இருக்கிற தண்ணீரில் கையை விடக்கூடாது என்று கண்டித்து, அவர் விரல்களைத் துடைத்துவிட்டார்.

சில நாளில் தகராறு ஆரம்பித்தது. அத்தை தினமும் காலையில் தொழிற்சாலைக்குப் போய்விட்டு மத்தியானத்துக்குமேல் திரும்புவார். ஒருநாள் வந்து பார்த்தால் ஹீட்டர் அணைந்திருந்தது. சுவர் சுவிட்ச் மேலே தூக்கியிருந்தது. மறந்துபோய் யாராவது அணைத்திருப்பார்கள் என்று போட்டுவிட்டார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

பகலில் வீட்டில் இருப்பது நானும் மாமாவும்தான். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் ஹெட்போனோடு கேட்டு, உள் அறையில் உட்கார்ந்து டைப் அடிப்பேன். மாமா தானாகப் புரண்டு படுப்பதே கஷ்டம். அப்புறம் யார் மிச்சம்? அத்தை நேராகக் கேட்கவில்லை. கரண்டு பில் இந்த மாதம் எவ்வளவு வரும் என்று சும்மா விசாரித்தார். அந்த பிளக்கில் என் போனைச் சார்ஜ் போடுவேனா என்று கேட்டார். மேனேஜர்மேல் எனக்கு ஏதாவது கோபமா என்று பேச்சுவாக்கில் ஒருமுறை. எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் மேனேஜருக்கும் உடம்பு சரியில்லை. தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயை வாயைத் திறந்தது. தீனியைத் தொடவில்லை. மத்தியானத்தில் கொஞ்சம் தெளிவாக இருந்தது, ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடி விடிந்த பிறகு பார்த்தால் மோசமாக இருந்தது. பகலில் யாரோ சுவிட்சை அணைத்துக் குளிர வைப்பதால்தான் இப்படி ஆகிறது என்பது அத்தையின் கணக்கு. கணக்கு தலைகீழ் என்று எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

ஒருநாள் மாலை அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். விரல் நுனியில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர், நடுவில் கிழிந்து தொங்கியது. காலையில் போகும்போது அதைச் சுவிட்சின்மேல் பாதியும் சுவர்மேல் பாதியுமாக ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். சுவிட்சை அசைத்தால் கிழியும்.

"இது தானா கிழியாது" என்றார்.

"நான் தொடல, அத்தை."

"வேற யாரு இருக்கா வீட்டுல?"

"எனக்குத் தெரியாது. ஆனா என் மேல ஸ்டிக்கர் ஒட்டாதீங்க. நான் சட்டை இல்ல."

அன்றிரவு சாப்பிடாமலே படுத்துவிட்டேன். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. என் புத்தியும் அவர் வழியிலேயே ஓடியது. என்னை வீட்டை விட்டு விரட்ட அவரே காலையில் போகும்போது அணைத்துவிட்டுப் போகிறாரோ, ஸ்டிக்கரையும் அவரே கிழித்தாரோ என்று யோசித்தேன். ஒரு வீட்டில் சந்தேகம் புகுந்தால் யாரையும் விட்டுவைக்காது என்பதை என்னை வைத்தே தெரிந்துகொண்டேன்.

மறுநாள் அவர் கிளம்பிப் போனதும் சுவிட்சைப் போய்ப் பார்த்தேன், போட்டுத்தான் இருந்தது. அறைக்குத் திரும்பி, ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். கதவை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்திக்கொண்டு சத்தம் காட்டாமல் உட்கார்ந்தேன்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கட்டில் முனகியது. மாமா இடது கையால் கட்டில் விளிம்பைப் பிடித்து, உடம்பை இழுத்து இழுத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். அப்புறம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்த் தாங்கவேண்டும் என்று காலெல்லாம் பரபரத்தது. என்னவோ தடுத்தது, போகவில்லை. ஜன்னலிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு, ஃப்ரிட்ஜிலிருந்து சாப்பாட்டு மேஜைக்கு. வலது கால் தரையில் தேய்ந்துகொண்டே வந்தது. தொட்டிக்குப் போய்ச் சேர்ந்ததும் சுவிட்சை அணைத்தார். அதற்கப்புறம்தான் கையைத் தண்ணீரில் விட்டார். மேனேஜர் மேலே வந்து அவர் விரல்களுக்குப் பக்கத்தில் நின்றது. மாமாவின் நெற்றியில் வியர்வை வடிந்துகொண்டிருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அவர் அதே வழியில் திரும்பிப் போய்ப் படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார். எழுந்தே இராத ஆள் மாதிரி படுத்திருந்தார்.

அத்தையிடம் சொல்லலாம், நம்பமாட்டார். போனில் படம் பிடித்துக் காட்டலாம், அதையும் உள்ளே வெளியே திருப்பிப் பார்ப்பார். அதனால் மறுநாள் தொழிற்சாலைக்குப் போகிற மாதிரி கிளம்பி, பின்கட்டு வழியாக என் அறைக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். வந்து பாருங்கள் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார், ஆனால் வந்தார்.

கதவிடுக்கில் இரண்டு பேரும் நின்றோம். மாமா எழுந்து நின்றபோது அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். ஃப்ரிட்ஜ் வரைக்கும் அவர் வந்தபோது அந்தப் பிடி எலும்பை நொறுக்குகிற மாதிரி இருந்தது. சுவிட்ச் அணைகிற சத்தம் கேட்டதும் அத்தை கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். மாமா திடுக்கிட்டுத் திரும்பினார். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, முழங்கைவரை தொட்டிக்குள் கையை விட்டார். சுவிட்சை அணைக்கும் வரைக்கும் திரை பச்சையாக இருபத்தாறுதான் காட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரோ குளிக்கிற சூட்டில் இருந்தது.

கடைக்காரரிடம் ஓடிப்போய் அந்தத் தெர்மாமீட்டரை வாங்கிவந்து போட்டேன். முப்பத்தாறையும் தாண்டி நின்றது. ஹீட்டர் தனக்குத் தோன்றியதைத் திரையில் காட்டியிருக்கிறது, எழுதியவர்கள் எல்லோரும் அந்தத் திரையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவரும் அளந்தும் பார்க்கவில்லை. போனை எடுத்து மறுபடி புரட்டினேன். அநேகமாக எல்லாமே சாமான் வந்த வாரத்தில் எழுதியவை. மீன் செத்த பிறகு வந்து பொறுமையாகப் பத்தி பிரித்து எழுத யாருக்கு மனசு வரும்? அந்தக் கோபக்காரர் ஒருவர்தான் வந்திருந்தார்.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு சட்டை லேபிளக்கூட நம்பாதவ நான். டேப் வெச்சுத்தான் பாப்பேன். இதுல மட்டும் எண்ணைப் பாத்துட்டு இருந்துட்டேன். இவர் கைய எடுத்தப்பவே பாத்திருக்கணும்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன்னச் சொன்னது தப்பு. என் தப்புதான்."

அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் பெரிய மனதோடு நடந்துகொள்ளலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நன்றாக ஒரு மூச்சு அழுது தீர்த்தேன்.

கடைக்காரரிடம் வேறு ஹீட்டர் வாங்கினோம். அதையும் அத்தை தெர்மாமீட்டரை வைத்து ஒரு வாரம் உளவு பார்த்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார். இணையத்தில் வாங்கிய ஹீட்டருக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, நடந்ததை ஒளிக்காமல் எழுதினார். மறுநாளே கீழே யாரோ பதில் போட்டிருந்தார், இது போட்டிக் கம்பெனிக்காரர்கள் எழுதியது போலத் தெரிகிறது என்று. அத்தை அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரிப்பை அடக்க அடுக்களைக்குப் போக வேண்டியதாயிற்று.

மேனேஜர் தேறியது. தீனி கேட்டு மறுபடி முறைக்க ஆரம்பித்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நாங்கள் நினைத்த நேரத்தில், மாமா எழுந்திருப்பதை நிறுத்திவிட்டார். அணைக்க வேண்டிய சுவிட்ச் இல்லை, காப்பாற்ற வேண்டிய நிலையில் மீனும் இல்லை. பிசியோதெரபிஸ்டிடம் மாமா எழுந்து நடந்ததை நாங்கள் சொன்னபோது, அவர் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். மாமா அவர் கையில் பழையபடி மூட்டையாகத் தொங்கினார். நாள் போய்க்கொண்டிருந்தது. அத்தை சாப்பிடாமல் கட்டிலையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது அத்தை மாமாவுக்குத் தெரியும்படி தொட்டிப் பக்கம் போனார். குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரி ஏதோ செய்துவிட்டுப் போய்விட்டார். பின்னாலேயே கட்டில் முனகியது. மாமா கம்பியைப் பிடித்து எழுந்து, சுவரையும் ஃப்ரிட்ஜையும் மேஜையையும் பிடித்துப் போய், அணைந்து கிடந்த சுவிட்சைப் போட்டார். கொஞ்ச நேரம் அணைந்திருந்தால் மேனேஜருக்கு ஒன்றும் ஆகாது என்று கடைக்காரரிடம் அத்தை முன்பே கேட்டு வைத்திருக்கிறார். நான் கதவிடுக்கில் காவலுக்கு நின்றிருந்தேன்.

இது தினப்படி ஆயிற்று. மாமாவின் நடை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. ஃப்ரிட்ஜைப் பிடிப்பதை விட்டார், பிறகு மேஜையை விட்டார். ஆனால் அவர் முகமும் மாறியது. அத்தை ஹாலுக்குள் வந்தாலே கண் அவர் கையைத் தொடரும். மறதியாக அணைக்கிற பெண் இல்லை தன் மனைவி என்று அவருக்குத் தெரியாதா? எல்லோரையும் சந்தேகப்பட்டே வாழ்ந்த அந்த அம்மாவை ஒருவர் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பதைப் பார்க்க எனக்கு ஒரு தனிக் குஷி.

அப்புறம் ஒரு காலை. அத்தை கைப்பையை மாட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. மாமா தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்கவில்லை. அத்தை ஒரு கணம் நின்றார். பிறகு ஒன்றும் தெரியாதவர் போல வந்து, மீனைப் பார்க்கிற சாக்கில் சுவிட்ச் பக்கம் கையை நீட்டினார். மாமா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். வலது கையால். விரல்கள் முழுக்க மூடவில்லை, நடுங்கின, ஆனாலும் பிடித்திருந்தன. பிடித்துக்கொண்டு, எத்தனை நாளாக இது நடக்கிறது என்று கேட்கிற மாதிரி அவர் முகத்தைப் பார்த்தார்.

"விடுங்க, எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்றார் அத்தை.

சொன்னாரே தவிர, கையை இழுத்துக்கொள்ளவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். கண்ணில் வழிந்த தண்ணீரை மற்றொரு கையால் துடைத்துக்கொண்டு, பிடிபட்ட இடத்திலேயே நின்றார். அன்றைக்குத் தொழிற்சாலையில் சட்டைகள் அவருக்காக வெகுநேரம் காத்துக் கிடந்திருக்கும்.